நிலக்கரியிலிருந்து டீசலா, மெத்தனாலா, யூரியாவா?

இந்தியா பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அதே நாடு 2024-25ஆம் நிதியாண்டில் 100 கோடி டன்னுக்கும் அதிகமான நிலக்கரியைத் தன் மண்ணிலிருந்தே வெட்டி எடுத்தது. இவ்விரு எண்களையும் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு, இருக்கும் கரியைக் கொண்டு இல்லாத எண்ணெயைச் செய்துகொண்டால் என்ன என்ற கேள்வி எழுவது இயல்பே. அந்தக் கேள்வி இப்போது திட்ட அளவுக்கு வந்துவிட்டது. 2030ஆம் ஆண்டுக்குள் ஆண்டுக்கு 10 கோடி டன் நிலக்கரியை வாயுவாக்க வேண்டும் என்று மத்திய அரசு இலக்கு வைத்துள்ளது. 2024 ஜனவரியில் அத்தகைய ஆலைகளுக்கு 8,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகை வழங்க அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. வாயுவாக்கிய நிலக்கரியை டீசலாகவும் மாற்றலாம், மெத்தனாலாகவும் மாற்றலாம், யூரியாவாகவும் மாற்றலாம். பொது மக்களின் பணம் எந்த வழியில் போவது தகும் என்பதை, ஒடிசாவின் தால்சேர் நிலக்கரியையும் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியையும் முன்வைத்து இங்கே ஒப்பிடுகிறேன்.

எல்லா வழிகளுக்கும் பொதுவான தடை ஒன்று உண்டு. நிலக்கரியில் ஒரு கார்பன் அணுவுக்கு ஏறத்தாழ 0.8 ஹைட்ரஜன் அணு இருக்கிறது. டீசலில் அது 1.9 அளவுக்கு இருக்க வேண்டும். ஆகவே நிலக்கரியைத் திரவமாக்குவது என்பது அடிப்படையில் அதற்கு ஹைட்ரஜன் ஊட்டும் வேலையாகும். அந்த ஹைட்ரஜனைப் பெறுவதற்குப் பழுக்கக் காய்ச்சிய கரியின்மீது நீராவியைச் செலுத்தி, நீரிலுள்ள ஆக்சிஜனைக் கார்பனோடு சேர்த்துக் கார்பன் டை ஆக்சைடாக வெளியேற்ற வேண்டியிருக்கிறது. இதற்கும், ஆலைக்கு வேண்டிய வெப்பத்துக்கும் மின்சாரத்துக்குமாகச் சேர்த்து, வெட்டியெடுத்த கார்பனில் பாதிக்கு மேல் எரிபொருளாகாமலே புகைபோக்கி வழியாகப் போய்விடுகிறது. நிர்வாகம் எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் இந்த இழப்பைக் குறைக்கலாமே தவிர, இல்லாமல் செய்ய முடியாது.

இரண்டு பழைய பாதைகள்

ஹைட்ரஜன் ஊட்டுவதற்கான முதல் முறைக்கு ஜெர்மானியரான ஃபிரீட்ரிஷ் பெர்கியுஸ் 1913இல் காப்புரிமை பெற்றார். தூளாக்கிய கரியை எண்ணெயில் குழைத்து, 450 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில், மிக உயர்ந்த அழுத்தத்தில், ஹைட்ரஜனோடு நேரடியாக வினைபுரியச் செய்வது அம்முறை. இதற்காக அவருக்கும் கார்ல் போஷுக்கும் 1931இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. 1927இல் லாய்னா என்ற ஊரில் பழுப்பு நிலக்கரியைக் கொண்டு இம்முறையில் ஆலை இயங்கத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானங்களுக்கு வேண்டிய பெட்ரோலின் பெரும்பகுதி இத்தகைய ஆலைகளிலிருந்தே கிடைத்தது. இன்று வணிக அளவில் இதைச் செய்துகாட்டும் ஆலை சீனாவின் உள் மங்கோலியாவில், ஓர்டோஸ் பகுதியில் இருக்கிறது. ஆண்டுக்கு சுமார் 10 லட்சம் டன் எண்ணெய்ப் பொருள்களைத் தரும் திறனுடைய அந்த ஆலை 2008ஆம் ஆண்டின் இறுதியில் முதன்முறையாக இயக்கப்பட்டது.

வெப்பத்திறன் கணக்கில் நேரடி முறையே மேலானது. ஆனால் அது சாம்பல் குறைந்த, எளிதில் வினைபுரியும் கரியைக் கேட்கிறது. இந்திய நிலக்கரியில் 35 முதல் 45 விழுக்காடு வரை சாம்பல். அதைக் குழம்பாக்கி உயரழுத்தக் குழாய்களில் செலுத்தினால் பம்புகளும் வால்வுகளும் அரித்துப் போவதோடு, அடியில் தங்கும் கசடோடு எண்ணெயும் கணிசமாக வீணாகும். சாம்பல் குறைந்த அசாம் நிலக்கரி இதற்கு ஒத்துவரலாம். ஆனால் அங்கே கந்தகம் அதிகம், இருப்போ குறைவு. எனவே இந்தியாவைப் பொறுத்தவரை நேரடி முறையை இத்துடன் விட்டுவிடலாம்.

இரண்டாவது முறை மறைமுகமானது. ஜெர்மனியின் முல்ஹைம் நகரிலிருந்த நிலக்கரி ஆய்வு நிறுவனத்தில் ஃபிரான்ஸ் ஃபிஷரும் ஹான்ஸ் டிராப்ஷும் 1925ஆம் ஆண்டளவில் உருவாக்கியது. கரியை முதலில் ஆக்சிஜனும் நீராவியும் கொண்டு கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த தொகுப்பு வாயுவாக முழுமையாகச் சிதைத்து, அந்த வாயுவைத் தூய்மையாக்கி, பின்னர் இரும்பு அல்லது கோபால்ட் வினையூக்கியின்மீது செலுத்தி, ஹைட்ரோகார்பன் சங்கிலிகளாகக் கோத்தெடுக்க வேண்டும். வினையூக்கியைக் கந்தகம் கெடுத்துவிடும் என்பதால் வாயுவை முன்கூட்டியே முற்றிலும் சுத்தம் செய்தாக வேண்டும். அதனாலேயே கிடைக்கும் டீசலில் கந்தகம் இருப்பதில்லை. இந்தப் பாதைக்கு இன்னொரு வசதியும் உண்டு. தொகுப்பு வாயு கைக்கு வந்துவிட்டால் அதிலிருந்து டீசல்தான் செய்ய வேண்டும் என்ற கட்டாயமில்லை. வேறொரு வினையூக்கியின்மீது செலுத்தினால் மெத்தனால், ஹைட்ரஜனை மட்டும் பிரித்தெடுத்து நைட்ரஜனோடு சேர்த்தால் அம்மோனியா. நம் முன்னுள்ள தெரிவுகள் அனைத்தும் இந்த வாயு நிலையில்தான் பிரிகின்றன.

டீசல்: தென்னாப்பிரிக்காவின் பாடம்

நிலக்கரி டீசலுக்கு ஆதரவாகப் பேசுவோர் தவறாமல் காட்டும் எடுத்துக்காட்டு சாசோல். 1950இல் தென்னாப்பிரிக்க அரசு தொடங்கிய இந்நிறுவனம் 1955இல் சாசோல்பர்க் ஆலையில் எரிபொருள் உற்பத்தியைத் தொடங்கியது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும், 1979இல் ஈரானியப் புரட்சிக்குப் பின் அந்நாட்டு எண்ணெய் நின்றுபோனதும், இனஒதுக்கல் அரசின்மீது விதிக்கப்பட்ட தடைகளும் சேர்ந்து செகுண்டாவில் மாபெரும் ஆலைகளை எழுப்பச் செய்தன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,50,000 பீப்பாய் தரும் திறனுடைய அவ்வளாகம் இன்றும் இயங்குகிறது. அங்குள்ள கரியிலும் சாம்பல் அதிகமே என்பதால், சாம்பல் மிகுந்த கரியைக் கொண்டு இதைச் செய்யவே முடியாது என்று வாதிடுவது சரியாகாது.

ஆனால் செகுண்டா ஆண்டுக்கு சுமார் 4 கோடி டன் நிலக்கரியை உட்கொள்கிறது. 5 கோடி டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகிறது. உலகில் ஒரே இடத்திலிருந்து இவ்வளவு பசுங்குடில் வாயு வெளியேறும் வேறோர் ஆலை இல்லை என்று அது பெயர் பெற்றிருக்கிறது. உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்த காலங்களில் அரசு விலைக்காப்பு கொடுத்துத்தான் அதைத் தாங்கிப் பிடித்தது. சாசோல்பர்க் ஆலையோ 2004இல் நிலக்கரியைக் கைவிட்டு, மொசாம்பிக்கிலிருந்து குழாய் வழியே வரும் இயற்கை எரிவாயுவுக்கு மாறிவிட்டது. எண்ணெய் வாங்க வழியற்றுப் போன நாடுகளுக்கே இது உதவியிருக்கிறது என்பதை வரலாறு காட்டுகிறது. விலை கொடுத்தால் எண்ணெய் கிடைக்கும் நிலையிலுள்ள நாடு இதை எதற்காகச் செய்ய வேண்டும் என்பதற்குத் தனியாக விடை சொல்ல வேண்டும்.

இந்தியா இதை ஒருமுறை முயன்றும் பார்த்தது. 2009இல் தால்சேர் பகுதியில் இரண்டு நிலக்கரித் தொகுதிகள், எரிபொருளாக மாற்றுவதற்கென்றே ஒதுக்கப்பட்டன. ஒன்று டாடாவும் சாசோலும் சேர்ந்து அமைத்த கூட்டு நிறுவனத்துக்கு, மற்றொன்று ஜிண்டால் குழுமத்துக்கு. ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 80,000 பீப்பாய் என்ற அளவில் திட்டமிடப்பட்டது; டாடா-சாசோல் திட்டத்தின் செலவு அக்காலத்திலேயே சுமார் 1,000 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டது. 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 214 நிலக்கரி ஒதுக்கீடுகளை ரத்து செய்தபோது இவ்விரண்டும் அவற்றோடு போயின. அதற்குள் ஐந்தாண்டுகள் கடந்திருந்தும் ஆலை எதுவும் எழும்பியிருக்கவில்லை. அதே ஆண்டின் இறுதியில் எண்ணெய் விலை பாதியாகச் சரிந்ததை நினைத்தால், நீதிமன்றத் தீர்ப்பு முதலீட்டாளர்களைப் பெரும் இழப்பிலிருந்து காப்பாற்றியது என்றுகூடச் சொல்லலாம்.

டீசல் வழியை ஒரு டன் அளவில் கணக்கிட்டுப் பார்ப்பது பயன்தரும். கிலோவுக்கு 4,000 கிலோகலோரி வெப்பம் தரும் சாதாரண இந்திய நிலக்கரி ஒரு டன்னை எடுத்துக்கொள்வோம். ஆலையின் திறன் 40 விழுக்காடு என்று கொண்டால், சுமார் 185 லிட்டர் டீசல் கிடைக்கும். நகரப் போக்குவரத்தில் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் பேருந்துக்கு அது 740 கிலோமீட்டர். அதே ஒரு டன்னை ஏற்கெனவே கட்டி முடிக்கப்பட்ட அனல்மின் நிலையத்தில் 36 விழுக்காடு திறனில் எரித்தால் சுமார் 1,670 யூனிட் மின்சாரம். கம்பியிலும் மின்னேற்றத்திலும் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 1,330 யூனிட் மிஞ்சும். கிலோமீட்டருக்கு 1.2 யூனிட் செலவிடும் மின்பேருந்து அதைக் கொண்டு 1,100 கிலோமீட்டர் ஓடும். எடுத்துக்கொண்ட எண்களைச் சற்றுக் கூட்டிக் குறைத்தாலும் முடிவின் திசை மாறுவதில்லை. கார்பனைப் பொறுத்தவரை, அந்த ஒரு டன் கரியிலிருந்து வெளிப்படும் சுமார் 1.6 டன் கார்பன் டை ஆக்சைடில் அரை டன் மட்டுமே வண்டியின் புகைக்குழாயிலிருந்து வருகிறது. மீதி ஆலையிலேயே வெளியேறிவிடும். கச்சா எண்ணெயிலிருந்து எடுத்த டீசலோடு ஒப்பிட்டால் லிட்டருக்கு இரண்டு மடங்குக்கும் மேலான உமிழ்வு இது. ஆலையில் வெளியாகும் பகுதி தூய்மையானது, பிடித்து நிலத்தடியில் சேமிப்பது எளிது என்ற வாதம் உண்மையே. ஆனால் அப்படி முழுவதையும் சேமித்தாலும்கூட, எண்ணெய் டீசலின் நிலைக்குத்தான் வந்து சேர்வோம். அதைவிட நல்ல நிலைக்கு அல்ல.

எஞ்சியிருப்பது பாதுகாப்பு வாதம். போரோ கடல்வழி அடைப்போ வந்து எண்ணெய் நின்றுபோனால் நாட்டுக்குள்ளேயே ஓர் ஆலை இருப்பது நல்லதல்லவா? இதற்குப் போட்டியாக இருப்பது மின்பேருந்து அன்று, நிலத்தடி எண்ணெய்ச் சேமிப்பு. விசாகப்பட்டினம், மங்களூரு, படூர் ஆகிய மூன்று இடங்களில் பாறையைக் குடைந்து அமைத்த சேமிப்புக் கிடங்குகள் மொத்தம் 53.3 லட்சம் டன் கொள்ளும். பீப்பாய்க் கணக்கில் ஏறத்தாழ 3.9 கோடி. அவற்றின் கட்டுமானச் செலவு சுமார் 4,100 கோடி ரூபாய். நிரப்புவதற்கான எண்ணெய்க்குப் பீப்பாய் 75 டாலர் என்று வைத்தால் மேலும் 290 கோடி டாலர். 1,000 கோடி டாலர் விழுங்கும் ஒரு நிலக்கரி டீசல் ஆலையோ, நெருக்கடி 100 நாள் நீடித்தால் 80 லட்சம் பீப்பாய்தான் கொடுத்திருக்கும். நெருக்கடி பல ஆண்டுகள் தொடரும் என்று எதிர்பார்த்தால் மட்டுமே ஆலை கிடங்கை வெல்லும். இந்தியாவின் அன்றாடத் தேவை 50 லட்சம் பீப்பாய்க்கும் மேல் என்பதால், அப்போதும் அந்த ஆலை ஈடுகட்டுவது நூற்றில் இரண்டு பங்குகூட ஆகாது. தென்னாப்பிரிக்காவைப் போல நாட்டின் தேவையில் குறிப்பிடத்தக்க பங்கை இங்கே நிலக்கரியால் நிரப்ப வேண்டுமானால், இப்போதைய சுரங்க உற்பத்தியில் பெரிய பகுதியை மின்நிலையங்களிலிருந்து பிடுங்கித் தர வேண்டியிருக்கும்.

தால்சேரும் ராமகுண்டமும்

டீசலை ஒதுக்கிவிட்டால் யூரியா, மெத்தனால் போன்றவை நிற்கின்றன. இவற்றை ஒப்பிடுமுன் எல்லாவற்றுக்கும் பொதுவான, கரியைத் தொகுப்பு வாயுவாக மாற்றும் கலமான வாயுவாக்கியைப் பற்றிப் பேசியாக வேண்டும். இந்த விவாதங்களில் இறுதிப் பொருளைப் பற்றியே அதிகம் எழுதப்படுகிறது. கட்டிய ஆலைகள் இடறி விழுந்த இடமோ வாயுவாக்கி.

ஒடிசாவின் தால்சேரிலும், இன்றைய தெலங்கானாவின் ராமகுண்டத்திலும் 1980இல் நிலக்கரியை வாயுவாக்கி யூரியா தயாரிக்கும் இரண்டு அரசு ஆலைகள் உற்பத்தியைத் தொடங்கின. சாம்பல் மிகுந்த கரியும், அடிக்கடி நின்ற மின்சாரமும், ஓயாத பழுதுகளும் அவற்றை முழுத்திறனில் ஓடவிடவே இல்லை. நட்டம் பெருகி 1999இல் இரண்டும் மூடப்பட்டன. பின்னர் இரண்டையும் புதுப்பிக்க அரசு முடிவெடுத்தது. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 12.7 லட்சம் டன் யூரியா என்ற ஒரே அளவு. ஆனால் ராமகுண்டத்துக்குக் குழாய்வழி இயற்கை எரிவாயு, தால்சேருக்கு நிலக்கரி. ராமகுண்டத்துக்கு 2016இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2021இல் உற்பத்தி தொடங்கிவிட்டது. 2018 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட தால்சேர் ஆலை குறித்த காலத்தில் முடியாமல் தவணைமேல் தவணை வாங்கிக்கொண்டிருக்கிறது. பழைய தோல்வி, ஒரே அளவு, அரசு நிறுவனங்களின் கூட்டு என்று எல்லாம் பொதுவாக இருக்க, மூலப்பொருள் மட்டும் மாறிய இந்த இரட்டை ஆலைகளைவிடத் தெளிவான ஒப்பீட்டை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

தால்சேரின் புதிய வடிவமைப்பில் நிலக்கரியோடு, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் மிஞ்சும் பெட்கோக்கையும் கலக்கிறார்கள். தேர்ந்தெடுத்த வாயுவாக்கி சாம்பலை உருக்கி வெளியேற்றும் வகையைச் சேர்ந்தது. இந்தியச் சாம்பல் உருகுவதற்கு மிக உயர்ந்த வெப்பம் தேவைப்படுவதோடு அதன் அளவும் அதிகம் என்பதால், சாம்பல் மிகமிகக் குறைந்த பெட்கோக்கைச் சேர்த்து விகிதத்தைக் குறைக்க வேண்டியிருக்கிறது. உள்நாட்டுக் கரியை எரிவாயுவுக்கு மாற்றாகக் காட்டும் திட்டம் கச்சா எண்ணெயின் கசடை ஊன்றுகோலாகக் கொண்டிருப்பது வேடிக்கையான முரண். இதற்கு மாற்றாக, ஒடிசாவின் அங்குலில் ஜிண்டால் உருக்காலை தென்னாப்பிரிக்காவில் பயன்படுவது போன்ற, கரி அடுக்காகத் தங்கியிருக்கும் நிலைப்படுகை வாயுவாக்கிகளைக் கொண்டு தொகுப்பு வாயு தயாரித்து, அதை இரும்புத் தாதுவிலிருந்து ஆக்சிஜனை நீக்கி இரும்பாக்கப் பயன்படுத்துகிறது. அவை சாம்பலைத் தாங்கும். ஆனால் கட்டிக்கரியை மட்டுமே ஏற்கும், தாரும் பீனால் கலந்த கழிவுநீரும் பெருகும். மூன்றாவதாக, பாரத மிகுமின் நிறுவனம் ஹைதராபாத்தில் சாம்பல் மிகுந்த கரிக்கென்றே உருவாக்கிய, கரித்துகள்களை வாயுவோட்டத்தில் மிதக்கவைக்கும் பாய்மப்படுகை வாயுவாக்கி நாளொன்றுக்கு கால் டன் மெத்தனால் தருவதாக 2021இல் காட்டப்பட்டது. கால் டன்னிலிருந்து ஆயிரம் டன்னுக்குப் போகும் வழி நீண்டது என்றாலும், மூன்றில் நம் கரிக்காகவே தொடக்கம் முதல் வடிவமைத்தது இது ஒன்றுதான்.

யூரியாவுக்குச் சாதகமான காரணங்கள் வலுவானவை. யூரியா மூலக்கூறுக்குக் கார்பன் டை ஆக்சைடே மூலப்பொருள். ஒரு டன் யூரியாவுக்கு 0.73 டன் அது தேவைப்படுகிறது. வயலில் இட்டபின் அது மீண்டும் காற்றில் கலந்துவிடும் என்பதால் இதைக் கார்பன் சேமிப்பு என்று பெருமை கொள்ள முடியாது. எனினும் ஆலையில் வேண்டாத பொருளாக வெளியேறுவதில் ஒரு பகுதிக்குப் பயன் கிடைக்கிறது. யூரியாவை வாங்குபவர் யார், விலை என்ன என்பதில் ஐயமில்லை. அரசின் மானியக் கணக்கே அதைத் தீர்மானிக்கிறது. ராமகுண்டம் போன்ற எரிவாயு ஆலைகளும் இறக்குமதியாகும் திரவ இயற்கை எரிவாயுவின் விலையைச் சார்ந்தே இருக்கின்றன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆகவே தால்சேரைக் கைவிடச் சொல்லவில்லை. கட்டியதை முடித்து ஓட்டிப் பார்க்க வேண்டும். அது ஓடும் வரை அதே வகை வாயுவாக்கியில் இன்னொன்றைத் தொடங்கக் கூடாது.

நெய்வேலியில் மெத்தனால்

நெய்வேலிக்குக் கதை வேறு. அங்குள்ள பழுப்பு நிலக்கரியில் சாம்பல் மிகக் குறைவு. ஆனால் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். வாயுவாக்கம் அந்த ஊருக்குப் புதியதும் அல்ல. 1960களிலேயே பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கி யூரியா தயாரித்தார்கள். பின்னர் அவ்வாலை உலை எண்ணெய்க்கு மாறி, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டது. அதே வளாகத்தில் தயாரான ‘லெக்கோ’ கரிக்கட்டியை அடுப்பில் எரித்த வீடுகள் தமிழ்நாட்டில் பல.

இப்போது முன்வைக்கப்பட்டிருப்பது மெத்தனால் திட்டம். ஆண்டுக்கு 22.6 லட்சம் டன் பழுப்பு நிலக்கரியைக் கொண்டு, நாளொன்றுக்கு 1,200 டன் வீதம், ஆண்டுக்கு சுமார் 4 லட்சம் டன் மெத்தனால் தயாரிப்பது. மதிப்பீடு 4,394 கோடி ரூபாய். இதன் பயனை மின்சாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி என்ற வழக்கமான கணக்கில், அதே 22.6 லட்சம் டன்னிலிருந்து 220 கோடி யூனிட்டுக்கு மேல் மின்சாரம் கிடைக்கும். யூனிட் நாலரை ரூபாய் என்றால் சுமார் 1,000 கோடி ரூபாய் வருமானம். மெத்தனாலைக் கிலோ 25 முதல் 35 ரூபாய் வரை விற்றால் 1,000 முதல் 1,400 கோடி ரூபாய். அதாவது 4,394 கோடி ரூபாய் புதிதாக முதலிட்ட பிறகும், ஆண்டு வருமானத்தில் கூடுவது மிக நல்ல விலை கிடைக்கும் ஆண்டில் 400 கோடி, மோசமான ஆண்டில் ஒன்றுமில்லை. இயக்கச் செலவையும் வட்டியையும் இன்னும் கழிக்கவேயில்லை. வளைகுடா நாடுகளும் ஈரானும் மலிவான இயற்கை எரிவாயுவிலிருந்து மெத்தனால் தயாரிப்பதால், இந்தியத் துறைமுகத்தில் அது வந்திறங்கும் விலையைத் தாண்டி நெய்வேலியால் விற்க முடியாது.

அந்த மெத்தனால் எங்கே போகும் என்பதும் முடிவைப் பாதிக்கிறது. நிதி ஆயோக்கில் சில ஆண்டுகள் வலுவாகப் பேசப்பட்டது, பெட்ரோலில் 15 விழுக்காடு மெத்தனால் கலக்கும் யோசனை. 2022இல் அசாமின் தின்சுகியாவில் அத்தகைய பெட்ரோல் சோதனையாக விற்பனைக்கு வந்தது. மெத்தனாலின் ஆக்டேன் எண் உயர்ந்தது, அது தூய்மையாக எரிவது. எனினும் ஒரு லிட்டரில் உள்ள ஆற்றல் பெட்ரோலில் பாதிதான். மேலும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் வந்துவிட்ட பிறகு, அதே தொட்டியில் இன்னொரு ஆல்கஹாலுக்கு இடமில்லை. தமிழ்நாட்டுக்கு இதில் தனிக் கவலையும் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதற்கு முந்தைய ஆண்டு மரக்காணம் பகுதியிலும் மெத்தனாலே உயிர்களைக் குடித்தது. நெய்வேலி இருக்கும் கடலூர் மாவட்டத்தை ஒட்டிய இந்தப் பகுதிகளின் நடுவே, லட்சக்கணக்கான டன் மெத்தனாலைப் பெட்ரோல் நிலையங்கள் வரை லாரிகளில் அனுப்பும் திட்டத்தை எந்த மாவட்ட நிர்வாகமும் மனமுவந்து வரவேற்காது. எரிபொருளாக அன்றி, பார்மால்டிஹைடு, அசிட்டிக் அமிலம், மருந்துத் துறைக் கரைப்பான்கள் ஆகியவற்றுக்கான மூலப்பொருளாகச் சில பெரிய ஆலைகளுக்கு மட்டும் செல்வதானால் கண்காணிப்பது எளிது. நாட்டின் மெத்தனால் தேவையில் பெரும்பகுதி இறக்குமதியாவதால் சந்தையும் இருக்கிறது.

மெத்தனாலை எரிபொருளாக்கியே தீர வேண்டும் என்றால், அதை டைமெத்தில் ஈதராக மாற்றிச் சமையல் எரிவாயுவில் கலப்பதே எனக்கு அதிகப் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஒரு டன் டைமெத்தில் ஈதருக்குச் சுமார் 1.4 டன் மெத்தனால் வேண்டும். அதன் வெப்பம் சமையல் வாயுவைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. ரப்பர் வளையங்களை அது வீங்கச் செய்யும் என்பதால் கலப்பு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இத்தனை குறைகளையும் மீறி இதைச் சொல்வதற்குக் காரணம், இந்தியாவின் சமையல் எரிவாயுவில் பாதிக்கும் மேல் இறக்குமதி, அதிலும் பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து ஹோர்முஸ் நீரிணை வழியே வருகிறது. கச்சா எண்ணெய்க்கு இருப்பது போன்ற பெரிய சேமிப்பும் அதற்கு இல்லை. டீசலுக்குத் தாக்குப்பிடிக்க மின்வண்டி, ரயில், சேமிப்புக் கிடங்கு என்று பல வழிகள் உண்டு. உருளை வராத வீட்டுக்கு மின்னடுப்பைத் தவிர வேறு வழி அருகில் இல்லை.

நெய்வேலியில் முடிவெடுப்பவர்கள் பார்க்க வேண்டிய வெளிநாட்டு எடுத்துக்காட்டு சாசோல் அன்று, அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்திலுள்ள கிரேட் பிளெய்ன்ஸ் ஆலை. அதுவும் பழுப்பு நிலக்கரியில் ஓடுவது. 1984இல் செயற்கை இயற்கை எரிவாயு தயாரிக்கத் தொடங்கியது. எரிவாயு விலை வீழ்ந்ததும் 1985இலேயே முதலீட்டாளர்கள் கடனைக் கட்டாமல் விலகிக்கொண்டார்கள். சுமார் 200 கோடி டாலரில் எழுந்த அந்த ஆலையை, கடனுக்கு உறுதியளித்திருந்த அரசு ஏற்று, 1988இல் வெறும் 8.5 கோடி டாலர் முன்பணத்துக்கு ஒரு மின்சாரக் கூட்டுறவு நிறுவனத்திடம் விற்றது. அதன் பின்னர் ஆலை நிலைத்தது. ஆனால் எரிவாயுவை மட்டும் நம்பி அல்ல. அம்மோனியா, யூரியா, பீனால் போன்ற துணைப்பொருள்களைச் சேர்த்துக்கொண்டது. 2000ஆம் ஆண்டு முதல் தன் கார்பன் டை ஆக்சைடை, எண்ணெயை வெளித்தள்ளப் பயன்படுத்தும் கனடாவின் வெய்பர்ன் எண்ணெய் வயலுக்குக் குழாய் வழியே விற்கிறது. முதல் போட்டவர்கள் இழந்த பணம் திரும்பவேயில்லை; முதலின் சுமை நீங்கிய பிறகுதான் வேதியியல் இலாபம் தந்தது.

என் முடிவைச் சொல்கிறேன். தால்சேரில் யூரியா, அது ஓடிக் காட்டும் வரை புதிய ஆலை வேண்டாம். ஊக்கத்தொகையில் ஒரு பகுதி, பாய்மப்படுகை வாயுவாக்கியை கால் டன்னிலிருந்து நூறு டன் அளவுக்குக் கொண்டுபோவதற்குச் செல்லட்டும். அதுவே எல்லாப் பொருள்களுக்குமான பூட்டைத் திறப்பது. நெய்வேலியில் மெத்தனால் வேண்டுமென்றால், வேதி ஆலைகளோடு நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தம் கையெழுத்தான பின், அந்த ஒப்பந்த அளவுக்கு மட்டும். புதிய சுரங்கத்துக்காக நிலம் எடுப்பது 2023இல் நெய்வேலி அருகேயுள்ள வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கிய நாள்முதல் எவ்வளவு கசப்பானதாகிவிட்டது என்பதை மாவட்டம் அறியும். எனவே பழைய மின்பிரிவுகள் ஓய்வுபெறுவதால் மிஞ்சும் கரியை மட்டும் கொண்டு இத்திட்டம் நடக்க வேண்டும்; புதிதாக ஓர் ஏக்கரையும் கேட்கக் கூடாது.

டீசலுக்கான விண்ணப்பம் மீண்டும் வருமானால் அதை முற்றாக மறுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கார்பன் டை ஆக்சைடை எங்கே புதைப்பது என்பதற்கு ஆய்ந்தறிந்த இடத்தையும், ஆண்டு முழுவதும் தண்ணீர் கிடைக்கும் ஆற்றின் பெயரையும், எண்ணெய் விலை எந்த அளவுக்குக் கீழே போனால் இழப்பை யார் ஏற்பது என்பதையும் விண்ணப்பம் சொல்ல வேண்டும். அமெரிக்கா இதற்கென்று 1980இல் தொடங்கிய செயற்கை எரிபொருள் கழகத்தை எண்ணெய் விலை வீழ்ந்ததும் 1986இல் கலைத்தது. தென்னாப்பிரிக்கா ஆண்டுக்கணக்கில் கருவூலத்திலிருந்து ஈடுகட்டியது. இழப்பை யார் ஏற்பது என்ற மூன்றாவது கேள்விக்கு விடையாக எழுதப்பட்டிருப்பது அரசின் உத்தரவாதம் என்றால், எத்தனை ஆண்டுகளுக்கு, பீப்பாய்க்கு எத்தனை டாலர் வரை என்ற இரண்டு எண்களும் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்ட பிறகே அந்தக் கோப்பை அமைச்சரவை திறக்கலாம்.